கேளுங்கள், சொல்கிறோம்: சூறாவளியும் டிசம்பர் குளிரும்

தெம்பனிஸ் வாசகர்: 2025 அக்டோபரில் மெலிசா சூறாவளி ஜமைக்காவை நெருங்கியபோது இரண்டு இரவு தூங்காமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ அடிக்கும் புயலுக்கு ஏன் இந்தப் பாடு என்று வீட்டில் கேட்கிறார்கள். சூறாவளியை ஒழுங்காகக் கவனிப்பது எப்படி?

முதலில் தூங்குங்கள். அமெரிக்காவின் தேசியச் சூறாவளி மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் முழு அறிக்கை வெளியிடுகிறது. சிங்கப்பூரில் நம் கடிகாரத்தில் அது காலை 5, காலை 11, மாலை 5, இரவு 11. கரையை நெருங்கும்போது நடுவில் சுருக்கமாக ஒன்று வரும், அவ்வளவுதான். இரவு 11 மணி அறிக்கையைப் படித்துவிட்டுப் படுத்தால் காலை 5 மணிக்கு அடுத்தது தயாராக இருக்கும். மெலிசா கரையைத் தொட்டது நமக்கு நள்ளிரவு 1 மணிக்கு, அன்று நானும் விழித்துத்தான் இருந்தேன், அப்படி ஒரு இரவு விதிவிலக்கு.

எல்லோரும் காற்றின் வேகத்தையே பார்க்கிறார்கள். நீங்கள் புயல் மையத்தின் காற்றழுத்தத்தைப் பாருங்கள், அதிலும் அது எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பாருங்கள். அழுத்தம் இறங்க இறங்கப் புயல் வலுக்கும். சாதாரண நாளில் 1010 மில்லிபார் இருக்கும். மெலிசா 892-க்கு இறங்கியது, காற்று மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் அளவுக்குப் போனது. பொதுவாக மெதுவாக நகரும் புயல் கடலைக் கலக்கி, அடியிலிருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்து, தானே வலுவிழந்துவிடும். ஆனால் ஜமைக்காவுக்குத் தெற்கே வெதுவெதுப்பான நீர் வெகு ஆழம்வரை இருந்ததால், எவ்வளவு கலக்கியும் சூடு குறையவில்லை. ஆகவே புயல் மெதுவாக நகர்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம், கீழே எப்படிப்பட்ட கடல் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம், புயல் எந்த வழியில் போகலாம் என்று காட்டும் அந்த வெள்ளைக் கூம்புப் படம். கூம்புக்கு வெளியே இருந்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. புயலின் மையம் மூன்றில் இரண்டு தடவை அந்தக் கூம்புக்குள் போகும் என்பது மட்டும்தான் அதன் பொருள். மழையும் காற்றும் கடல் பொங்குவதும் கூம்புக்கு வெளியேயும் நன்றாகவே எட்டும். பத்து நாள் கழித்து இன்ன ஊரில் புயல் என்று ஒரே ஒரு கணினிப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களிடம், கணினி அடுத்த முறை கணக்குப் போட்டபோது அந்தப் புயல் எங்கே போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். ஆறு மணி நேரத்தில் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். தயவுசெய்து அந்தப் படங்களை ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பாதீர்கள், அங்கே வயதானவர்கள் பதறிவிடுவார்கள்.

வீட்டில் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, வரிசை வரிசையாகத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டதே, அந்தத் தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு ஜமைக்கா எங்கோ இருக்கிற ஊராகத் தெரியாது.

உட்லண்ட்ஸ் வாசகர்: நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் புயலே வராது என்பது சரிதானே?

கிட்டத்தட்ட சரி. பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பம் இங்கே மிகக் குறைவு, அதனால் புயல் சுழன்று எழுவது கடினம். ஆனால் 2001 டிசம்பர் 27 அன்று, வாமெய் என்ற புயல் நமக்கு வடகிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் ஜொகூரில் கரையேறியது. வடக்கிலிருந்து வந்த காற்று போர்னியோ ஓரத்துச் சுழலோடு சேர்ந்து தென்சீனக் கடலின் குறுகலான பகுதியில் சுழன்றதுதான் காரணம். அமெரிக்கக் கடற்படை வானிலையாளர்கள் அதைச் சூறாவளிக்குச் சமமான டைஃபூன் என்றார்கள், ஜப்பான் அதற்குக் கீழ்ப் படியிலேயே நிறுத்தியது. 2025 நவம்பரில் மலாக்கா நீரிணையில் சென்யார் புயல் உருவாகி சுமத்ராவில் கரையேறியதையும் மறக்க வேண்டாம். அடிக்கடி வராது, ஆனால் வராது என்று சொல்லவே முடியாது.

பிடோக் வாசகர்: ஒரே புயலுக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வேகம் சொல்வது ஏன்?

அமெரிக்கா ஒரு நிமிடச் சராசரி எடுக்கிறது, இந்தியா மூன்று நிமிடம், ஜப்பான் பத்து நிமிடம். நேரம் கூடினால் சராசரி குறையும். ஒப்பிடும்போது ஒரே வானிலை மையத்தின் எண்களையே பயன்படுத்துங்கள்.

ஈசூன் வாசகி: லா நினா ஆண்டு என்றால் டிசம்பரில் நல்ல குளிரும் மழையும் என்கிறார்கள், நம்பலாமா? டிசம்பர் கடைசியில் தஞ்சாவூர் போகிறோம் சார், அங்கேயும் மழைதானா?

லா நினாவை, அதாவது பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்திருப்பதை, மட்டும் நம்பாதீர்கள் அம்மா. சிங்கப்பூரில் அதன் பிடி தென்மேற்குப் பருவக்காலத்தில்தான் அதிகம். டிசம்பர், ஜனவரியில் நம் மழையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சைபீரியாவிலிருந்து இறங்கும் குளிர்காற்று. மான்சூன் சர்ஜ் என்கிறார்களே அதுதான், ஒரு பருவத்தில் இரண்டு முதல் நான்கு முறை வரும், ஒன்று முதல் ஐந்து நாள் நிற்கும். 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் கொட்டியதே, ஒரு முழு ஜனவரியின் சராசரியைவிட அது அதிகம்.

நான் டிசம்பர் பிறந்தால் ஹாங்காங்கின் வெப்பநிலையைப் பார்ப்பேன். அங்கே சட்டென்று 10, 12 டிகிரிக்கு இறங்கினால், சில நாளில் இங்கே துணி காயாது என்று எடுத்துக்கொள்வேன், பல தடவை பலித்திருக்கிறது. அந்தக் குளிர் அப்படியே இங்கே வராது, வழியில் கடல் அதைச் சூடாக்கி ஈரத்தை ஏற்றிவிடும். நமக்குக் குளிர்வது நாள் கணக்கில் மேகம் வெயிலை மறைத்து மழை நிற்காததால். 2018 ஜனவரியில் அட்மிரல்டியில் 21.2 டிகிரி வந்தது அப்படித்தான்.

தஞ்சாவூர் கணக்கு வேறு. வடகிழக்குப் பருவமழைக்குத் தமிழ்நாட்டில் அதே கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகள்தான் பெரும்பாலும் கை கொடுக்கும், 2015-இல் சென்னை வெள்ளம் வந்தது அப்படியொரு ஆண்டில். ஆனாலும் 2021 லா நினா ஆண்டு, அந்த நவம்பரிலும் சென்னை மிதந்தது. சரி, டிக்கெட் எடுத்துவிடுங்கள். கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கு முன்னால் பார்த்துப் பயனில்லை.

தொடக்கநிலை 5 மாணவர், ஜூரோங்: வீட்டிலேயே மழையை அளக்க முடியுமா?

முடியும் தம்பி. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுள்ள டப்பா போதும், உள்ளே ஒரு ஸ்கேலை நிறுத்தி மில்லிமீட்டரில் படி. தினமும் ஒரே நேரத்தில் படித்து எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடு, இல்லாவிட்டால் கொசு வரும். அடுக்குமாடி வீட்டுச் சன்னல் விளிம்பில் மட்டும் வைக்காதே, கீழே போகிறவர் தலையில் விழும். பள்ளித் தோட்டத்தில் மரமும் கூரையும் இல்லாத ஓர் இடத்தை அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள். ஜனவரி முழுக்க அளந்து எழுதி எங்களுக்கு அனுப்பு, சாங்கி எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.