பாலிப்பில் வினோத செல்கள்: கவனிக்க வேண்டியது ரத்தம்

கேள்வி: எனக்கு வயது 52. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் இருந்த ஒன்றரை சென்டிமீட்டர் பாலிப்பை (சதை வளர்ச்சி) முழுதாக எடுத்தார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில், ‘ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப், வினோத வடிவ ஸ்ட்ரோமல் செல்கள், புற்றுநோய் இல்லை’ என்று இருக்கிறது. நெட்டில் தேடிய மகன் பயமுறுத்துகிறான். ஏப்பம், வாய்வு, முடி உதிர்வு உண்டு. இரண்டு வருடமாக மெடிக்கலில் அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். ஹீமோகுளோபின் 8.6.

பதில்: இது புற்றுநோய் இல்லை. இந்தப் பாலிப்பின் தலை இரைப்பைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். உணவும் அமிலமும் பட்டுப்பட்டு மேல்தோல் உரிந்து புண்ணாகும். புண்ணை ஆற்ற வரும் ஸ்ட்ரோமல் செல்கள், அதாவது தாங்குதிசுச் செல்கள்தான் மைக்ராஸ்கோப்பில் பெரிதாக, கறுத்த உட்கருவோடு விகாரமாகத் தெரிகின்றன. இரைப்பைப் புற்றுநோய் செல் என்றால் கெரட்டின் என்ற புரதத்தைக் காட்டும் சாயம் அதில் பிடிக்கும், இவற்றில் பிடிக்காது. ஸ்லைடைப் பார்த்தவர் ‘இல்லை’ என்று எழுதிய பிறகு போனில் எதற்குத் தேடுகிறீர்கள்? மகனையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய, ரத்தக் குறைவைக் காட்டும் அந்த 8.6. புண்ணான பாலிப் மாதக்கணக்கில் சொட்டுச்சொட்டாக ரத்தம் கசியவிடும், வலியே இருக்காது. மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று, கடும் நாற்றத்தோடு போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் பிசுபிசுப்பு இருக்காது. சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள். பாலிப்பை எடுத்த பிறகும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் ரத்தம் வேறெங்காவது போகிறதா என்று பார்க்க வேண்டும். மாதவிடாய்ப் போக்கு அதிகமா, பெருங்குடலையும் பார்க்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஏப்பத்தையும் வாய்வையும் விடுங்கள். முடி உதிர்வதும் இரும்புச்சத்துக் குறைவால் இருக்கலாம்.

அப்புறம் அந்த பேன்டோபிரசோல். யாரைக் கேட்டு இரண்டு வருடம் சாப்பிட்டீர்கள்? இந்த வகைப் பாலிப்புக்குப் பின்னால் பல நேரம் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கும். அதை ஒழித்தால் சில பாலிப்கள் தானாகவே சுருங்கும். ஆனால் பேன்டோபிரசோல் உள்ளே இருந்தால் கிருமி இருந்தும் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வரலாம். மருத்துவரிடம் சொல்லி, இரண்டு வாரம் நிறுத்திவிட்டுப் பரிசோதனை செய்யுங்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் நான்கு வாரம் போகட்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரை ஏதும் சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதுவும் இரைப்பையைப் புண்ணாக்கும். அடுத்த எண்டோஸ்கோப்பி எப்போது என்று அன்றே தேதி கேட்டு வாங்கிவிடுங்கள்.