நக்கும் பாதத்தை விரித்துப் பாருங்கள்: ஒரு கால்நடை மருத்துவரின் கேள்வி பதில்

டாக்டர், எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு வயது. இரவானால் நான்கு பாதங்களையும் மாறி மாறி நக்குகிறது. அதட்டினால் நிறுத்துகிறது, ஐந்து நிமிடத்தில் மறுபடியும் தொடங்கிவிடுகிறது.

முதலில் அதட்டுவதை நிறுத்துங்கள். அதற்கு அரிக்கிறது. நம் கை அரித்தால் சொறிகிறோம், நாய்க்கு இருப்பது நாக்கும் பல்லும்தான்.

நான்கு பாதங்களும் என்றால் முதலில் ஒவ்வாமையைத்தான் சந்தேகிப்பேன். தூசி ஒத்துக்கொள்ளாவிட்டால் நாம் தும்முவோம். நாய்க்கோ பெரும்பாலும் தோல்தான் அரிக்கும். பாதம், காது, அக்குள், அடிவயிறு என்று வரும். மெத்தையிலும் பாயிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி, மகரந்தம், பூஞ்சை ஆகியவை காரணமாகலாம். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் இது தலைகாட்டும். உங்கள் நாயின் வயதும் அதுதான். காதையும் தூக்கிப் பாருங்கள். உள்ளே சிவந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் வருகிறதா, ஆண்டு முழுவதுமா என்று குறித்து வையுங்கள். ஆண்டு முழுவதும் என்றால் உணவையும் சோதிக்க வேண்டும். அது இதுவரை சாப்பிடாத ஒரு வகை இறைச்சி போன்ற புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது முறை. வீட்டில் யாராவது ஒரே ஒரு பிஸ்கட்டைப் போட்டாலும் சோதனை வீண். தாத்தா பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கேதான் பெரும்பாலும் கெடுகிறது! தூசி ஒவ்வாமை முழுதாகப் போய்விடாது. ஆனால் மருந்தால் நன்றாக அடக்கி வைக்கலாம்.

நேற்றிலிருந்து வலது முன்காலை மட்டும் விடாமல் கடிக்கிறது. இதுவும் ஒவ்வாமையா?

ஒரே கால், அதுவும் திடீரென்று என்றால் அந்தக் காலுக்குள்ளேயே காரணத்தைத் தேடுங்கள். முள், கண்ணாடித் துண்டு, பிளந்த நகம், உண்ணி என ஏதாவது இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, பாதத்தின் நடுவில் மெத்தை போலிருக்கும் பெரிய சதைக்கு அடியிலும் பாருங்கள். ஒருமுறை ஒரு சிப்பிப்பாறை நாயைக் கொண்டுவந்தார்கள். மூன்று நாளாக நொண்டல், வெளியே காயமே இல்லை. விரலிடுக்கு முடியை மழித்த பிறகுதான் கடுகளவு கறுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. நெருஞ்சி முள். எடுத்த மறுநிமிடம் அந்தக் காலை ஊன்றி நின்றது.

உண்ணி இருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த சில வாரங்களில் சோர்வு, காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். உண்ணிக் காய்ச்சல் உயிரைப் பறிக்கும்.

வெள்ளை பொமரேனியன். பாத முடி செங்கல் நிறமாகிவிட்டது. ரத்தமா?

இல்லை. உமிழ்நீரில் இருக்கும் போர்ஃபிரின் என்ற நிறமி அது. பல நாளாக நக்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. பாதத்தை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வீசி, நகத்தின் அடியில் பழுப்பு அழுக்கு படிந்திருந்தால் பூஞ்சை சேர்ந்துவிட்டது. மழைக்காலத்தில் நமக்கு வரும் சேற்றுப்புண் போலத்தான், ஈரம்தான் அதற்குத் தீனி. மருத்துவர் பூஞ்சை என்று உறுதி செய்தால் குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பு தருவார். நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பிறகு விரலிடுக்குவரை ஒற்றித் துடையுங்கள். துடைக்காமல் விட்டால் கழுவியதில் பயனே இல்லை.

அக்கா, மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசலாம் என்கிறார் அம்மா.

அம்மாவின் அக்கறை புரிகிறது, தம்பி. ஆனால் நாயின் பாதத்தில் பூசுவதெல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். வேப்பெண்ணெயை நக்கிவிட்டு வாந்தி எடுத்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். மனிதர்களுக்கான களிம்புகள் இன்னும் ஆபத்தானவை. சொரியாசிஸுக்குப் பூசும் கால்சிபோட்ரியால் களிம்பைச் சிறிதளவு நக்கினாலே உயிருக்கு ஆபத்து. வலிக்கிறதே என்று பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

தரையை ஃபினாயிலால் துடைத்த நாட்களில் அதிகம் நக்குகிறது.

காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஃபினாயில் பாதத்தை எரிக்கும், நக்கினால் நஞ்சு. அதை நிறுத்திவிட்டு, நாய் படுக்கும் இடத்தை வெறும் தண்ணீரால் துடையுங்கள்.

வெயிலில் நடந்தால் பாதம் வெந்துபோகுமா?

போகும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயாலும் முடியாது.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். எட்டு வயது நாய், முன்கால் மணிக்கட்டில் ஒரே இடத்தை நக்கி நக்கி, முடி உதிர்ந்து தடித்த புண்ணாகிவிட்டது. தனிமைதான் காரணமா?

தனிமையும் இருக்கலாம். ஆனால் எட்டு வயது என்கிறீர்கள். அந்த இடத்துக்கு அடியில் மூட்டு வலி இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் மனத்தின் மேல் பழி போட மாட்டேன். தடித்த புண்ணுக்குள் கிருமி ஆழமாக இறங்கியிருக்கும். அதற்கு வாரக்கணக்கில் மருந்து தேவைப்படும். பாதியில் நிறுத்தக் கூடாது. காலையில் அரை மணி நேரம் அதன் இஷ்டத்துக்கு மோப்பம் பிடிக்கவிட்டு நடத்துங்கள். அவசரப்பட்டு இழுக்காதீர்கள்.

நக்க முடியாதபடி கழுத்தில் கூம்பு மாட்டினால் போதுமா?

புண் ஆறும்வரை மாட்டுங்கள். ஆனால் அரிப்புக்கு மருந்து கொடுக்காமல் கூம்பை மட்டும் மாட்டினால், அரிக்கும் இடத்தைத் தொட முடியாமல் கையைக் கட்டிப்போட்டது போலாகும். இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.