வாசகர் கேள்வி பதில்: கிண்ணம் யாருக்கு?

கேள்வி: எங்கள் விளையாட்டுக் கழகம் 13 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்காக வார இறுதிகளில் உதைபந்தாட்டத் தொடர் ஒன்றை நடத்தி வருகிறது. தொடரின் சிறந்த வீரருக்கான கிண்ணம் எப்போதும் அதிக கோல் அடித்தவருக்கே போகிறது என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். பிரச்சினையே வேண்டாம், எல்லோருக்கும் பதக்கம் கொடுப்போம் என்கிறார்கள் சில உறுப்பினர்கள். எது முறை?
– கழகச் செயலாளர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: அதிக கோல் அடித்தவருக்கு ஒரு பரிசு இருக்கட்டும். அது எண்ணிக்கைக்கான பரிசு என்பதால் அதில் யாரும் வழக்காட முடியாது. சிறந்த வீரருக்கான கிண்ணம் வேறு. உலகக் கிண்ணத்திலும் அதிக கோல் அடித்தவருக்குத் தங்கப் பாதணியும் தொடரின் சிறந்த வீரருக்குத் தங்கப் பந்தும் தனித்தனியாகவே வழங்கப்படுகின்றன. 2002 இல் பிரேசிலின் ரொனால்டோ 8 கோல்கள் அடித்து, கிண்ணத்தையும் வென்றார். தங்கப் பந்தோ இறுதியாட்டத்தில் தோற்ற ஜேர்மனியின் கோல் காப்பாளர் ஒலிவர் கானுக்குச் சென்றது. அந்தத் தேர்வைப் பற்றி வாதிடலாம். ஆனால் கோல் கம்பங்களுக்கு இடையில் நின்றவரும் கணக்கில் எடுக்கப்பட்டார் என்பதை மறுக்க முடியாது.

உங்கள் தொடரில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒருவரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து எல்லைக் கோட்டருகில் இருத்துங்கள். கோல்களை அவர் எழுத வேண்டியதில்லை. "5 ஆம் இலக்கம், பந்தைப் பறிகொடுத்தவுடன் தானே திரும்பி ஓடி மறித்தார்", "கோல் காப்பாளர், பின்களத்தைப் பெயர் சொல்லி அழைத்து ஒழுங்குபடுத்தினார்", "9 ஆம் இலக்கம், மத்தியஸ்தரின் தீர்ப்பு தனக்கு எதிராக வந்தும் முறைக்காமல் தன் இடத்துக்குப் போனார்" என்பன போன்ற வரிகளே வேண்டும். பரிசளிப்பன்று கிண்ணத்தைக் கொடுக்கும்போது அந்த வரிகளையே ஒலிபெருக்கியில் வாசித்தால், தன் பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கும் தகப்பனுக்கும் பதில் கிடைத்துவிடும். எழுதுபவர் எந்த வீரரின் மாமனாகவோ மச்சானாகவோ இருக்கக் கூடாது. எங்கள் ஊர்களில் அப்படி ஓர் ஆளைக் கண்டுபிடிப்பது கோல் அடிப்பதைவிடச் சிரமம் என்பதால், பக்கத்து ஊர்க் கழகத்திடம் ஒருவரைக் கேட்டுப் பெறுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வயது ஜனவரி முதலாம் திகதியிலிருந்து கணக்கிடப்படுமானால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளியுடன் ஒரே பிரிவில் ஆடுவார்கள். அந்த வயதில் ஓராண்டு என்பது உயரத்திலும் வலிமையிலும் பெரிய வேறுபாடு. கனடாவின் ஐஸ் ஹொக்கி வீரர்களை 1980களில் ஆராய்ந்தவர்கள், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அளவுக்கு அதிகமாகத் தேர்வாகியிருப்பதைக் கண்டார்கள். பின்னர் உதைபந்தாட்டத்திலும் இதுவே காணப்பட்டது. ஆகவே தேர்வுக் குழுவின் முன்னால் பெயர்ப் பட்டியலுடன் பிறந்த மாதமும் இருக்கட்டும்.

எல்லோருக்கும் பதக்கம் என்பது 10 வயதுக்குட்பட்டோருக்குப் பொருந்தும். ஆனால் அதை முன்கூட்டியே காட்டி ஆசையூட்ட வேண்டாம். 1973 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், படம் வரைய விரும்பும் பாலர்களுள் சிலருக்கு, வரைந்தால் தங்க முத்திரையிட்ட சான்றிதழ் தருவதாகச் சொல்லி அவ்வாறே கொடுத்தார்கள்; சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, சொல்லாமல் பரிசு பெற்ற பிள்ளைகளையும் எதுவும் பெறாத பிள்ளைகளையும்விட இவர்களே குறைவாக வரைந்தார்கள். 13 வயதுப் பிரிவில் எல்லோருக்கும் சான்றிதழும் சிலருக்கு மட்டும் விருதும் போதுமானவை. அந்தச் சான்றிதழிலும் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டு, வீட்டில் நிரப்பிக்கொள்ளுங்கள் என்று கொடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

கேள்வி: என் மகள் ஓர் அணியின் உற்சாகக் குழுவில் இருக்கிறாள். மூன்றரை மணி வெயிலில் கொடியசைத்து ஆடிய பிள்ளைகளைப் பரிசளிப்பில் மேடைக்குக்கூட அழைக்கவில்லை. இது விளையாட்டாகாதா?
– தாய் ஒருவர், கல்லடி

பதில்: ஆகும். 1898 இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக மைதானத்தில் இது தொடங்கியபோது ஆரவாரத்தை வழிநடத்தியவர்கள் ஆண்கள். இன்று சர்வதேச ஒலிம்பிக் குழு இதற்கான உலக அமைப்பை அங்கீகரித்திருக்கிறது. அமெரிக்காவின் சில சிறுவர் தொடர்களில் ஆடுபவர்களும் ஆரவாரக் குழுவினரும் ஒரே அமைப்பின் உறுப்பினர்கள். நமது ஊரில் ஆட்டங்களின்போது பார்வையாளர் பக்கத்தில் முழங்கும் பப்பரே வாத்தியத்துக்குக் கிடைக்கும் கைதட்டல்கூட இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை என்பது உண்மைதான்.

பரிசுக்கான அளவுகோல்களை ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் கேளுங்கள். ஒத்திகைக்குத் தவறாமல் வந்தவர் யார், தாளம் பிசகிய தோழியைக் கண்ணால் பார்த்துத் திருத்தியவர் யார், அணி மூன்று கோல்கள் பின்தங்கிய பின்னும் எதிரணியை ஏளனம் செய்யாமல் குரலைத் தளரவிடாதவர் யார் என்பனவே பார்க்கப்பட வேண்டியவை. அழகும் உடையும் எக்காரணம் கொண்டும் அளவுகோலாகக் கூடாது. நடுவராக நடன ஆசிரியை ஒருவரையோ உடற்கல்வி ஆசிரியை ஒருவரையோ அழைக்கலாம். பிள்ளைகளின் படத்தைப் பெயருடன் முகநூலில் இடுவதற்கு முன் பெற்றோரின் சம்மதம் பெறப்பட வேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: சிறந்த வீரருக்குப் பணம் கொடுக்கலாமா, கிண்ணம் கொடுக்கலாமா?
– வாசகர், கல்முனை

பதில்: பணம் வேண்டாம். சிறிய கிண்ணம் ஒன்றும் உதைபந்தாட்டச் சப்பாத்து ஒரு சோடியும் கொடுங்கள். இரவல் சப்பாத்தில் ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பரிசு பெறுபவர் முடிவான பின் அளவைக் கேட்டால் விடயம் வெளியே தெரிந்துவிடும் என்பதால், தொடரின் தொடக்கத்தில் பதிவுப் படிவத்திலேயே எல்லோரிடமும் பாத அளவைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.