பத்து வருடம் கழித்து ஒரு ஸ்பிரிங் உடைந்தால்? புல்பப் வாங்கும் முன்

கேள்வி: டெக்சாஸில் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறேன், காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். அமெரிக்கக் குடியுரிமை வந்து நான்கு வருடம் ஆகிறது. டிரக்கிலிருந்து ஏறி இறங்க வசதியாக ஒரு புல்பப் ரைஃபிள் (மேகசினும் சுடும் பொறியும் ட்ரிகருக்குப் பின்னால், தோள் பக்கம் இருக்கும் குட்டை ரகம்) வாங்க ஆசை. டேவோர் எக்ஸ்95, ஸ்டெயர் ஆக், கெல்டெக் ஆர்டிபி மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். எது அதிக நாள் உழைக்கும்? பாகம் உடைந்தால் கிடைக்குமா? எனக்கு இடது கைப் பழக்கம்.

பதில்: அமெரிக்காவில் எங்கும் கிடைக்கும் சாதாரண ரைஃபிளான ஏஆர்-15 அளவுக்கு ஸ்பேர் கிடைக்கிற புல்பப் உலகத்திலேயே இல்லை. ஏஆர் என்பது நம் ஊர் ஸ்பிளெண்டர் மாதிரி. எந்தக் கடையில் நுழைந்தாலும் ஏதோ ஒரு கம்பெனி செய்த போல்ட்டோ (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) ஸ்பிரிங்கோ கைக்கு வந்துவிடும், பெரும்பாலும் அப்படியே பொருந்தியும் விடும். புல்பப்பில் செய்தவனே விற்றால்தான் உண்டு. ஆனாலும் 16.5 அங்குல பேரலோடு மொத்த நீளம் 26 அங்குலத்தைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது என்றால் (எக்ஸ்95 அப்படித்தான்) டிரக் கேபினுக்குள் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதனால் ஆசைப்படுவதில் தப்பில்லை, கணக்குப் பார்த்து ஆசைப்பட வேண்டும், அவ்வளவுதான்.

உழைப்பைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் பேரலைப் பற்றியே பேசுவார்கள். பன்றி விரட்டுகிறவர் பேரலைத் தேய்ப்பதற்குள் பிள்ளைகள் கல்லூரி முடித்துவிடுவார்கள். முதலில் போவது சின்னச் சின்னதுதான்: எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்து வெளியே எடுக்கும் கொக்கி), அதன் ஸ்பிரிங், ஃபயரிங் பின், ரீகாயில் ஸ்பிரிங், அதற்கும் முன்னால் மேகசின். என் நண்பர் ஒருவரிடம் தயாரிப்பு நின்றுபோன ஒரு புல்பப் இருக்கிறது, கம்பெனி பெயர் வேண்டாம். ஒருநாள் ரேஞ்சில் சுட்ட கேஸ் (தோட்டாவின் காலிக் கூடு) சேம்பரிலேயே உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் எக்ஸ்ட்ராக்டரின் நகம் உடைந்திருக்கிறது. உடைந்த துண்டு ஒரு அரிசி மணி அளவு கூட இருக்காது. அதற்காக ஐந்து மாதம் அலைந்து, கடைசியில் யாரோ கழற்றி விற்ற முழு போல்ட்டையே வாங்கினார். அந்தக் காசுக்கு ஒரு சுமாரான ஏஆரே வாங்கியிருக்கலாம்.

அதனால் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதே துப்பாக்கியை வேறு யார் தோளில் மாட்டியிருக்கிறார்கள், செய்த பட்டறை இன்னும் ஓடுகிறதா என்பதுதான். ஸ்டெயர் ஆக்கை ஆஸ்திரியா 1977-ல் எடுத்தது. ஆஸ்திரேலியா லித்கோவில் உரிமம் பெற்றுத் தானே செய்தது, அயர்லாந்து ராணுவத்திலும் இருக்கிறது. டேவோர் இஸ்ரேலுடையது, இந்தியச் சிறப்புப் படைகளும் வைத்திருக்கின்றன. சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்த நம் பிள்ளைகளைக் கேட்டால் சார்-21 பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், அதுவும் புல்பப்தான். ஆனால் அதன் சிவிலியன் மாடல் அமெரிக்கக் கடைகளில் கிடையாது, அதனால் நமக்கு உதவாது.

ராணுவம் வைத்திருப்பதால் மட்டும் பிழைத்துவிட முடியாது என்பதற்கு ஃபமாஸ் உதாரணம். பிரான்ஸ் எழுபதுகளின் கடைசியில் பெருமையாக எடுத்த துப்பாக்கி அது. அதன் இயக்க முறைக்கு எஃகுக் கேஸ் போட்ட தோட்டா தேவைப்பட்டது, மேகசினும் தனி ரகம், 25 தோட்டா பிடிக்கும். செய்துகொண்டிருந்த செயிண்ட்-எட்டியென் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு அந்த நாட்டு ராணுவமே பழைய சரக்கை வைத்துக் காலம் தள்ளி, 2016-ல் ஜெர்மன் துப்பாக்கிக்கு மாறியது. பிரிட்டனின் எல்85 கதை வேறு. 1985-ல் வந்தது, ஏகப்பட்ட குறை, கடைசியில் ஹெக்லர் அண்ட் கோக்கிடம் கொடுத்து சுமார் 2 லட்சம் துப்பாக்கிகளை 9.2 கோடி பவுண்டு செலவில் சரிசெய்தார்கள். மாற்றியதெல்லாம் எவை தெரியுமா? போல்ட், எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின், ஹாமர், வாயு செல்லும் பாகங்கள், மேகசின். மேலே சொன்ன அதே சின்னச் சாமான்கள்.

அடுத்து, பலர் யோசிக்காத ஒன்று. அமெரிக்காவில் ராணுவ வகை வெளிநாட்டு ரைஃபிளுக்குப் பாகக் கணக்கு உண்டு. சட்டம் பட்டியலிடும் 20 பாகங்களில் 10-க்கு மேல் இறக்குமதிப் பாகம் இருக்கக் கூடாது. அதனால்தான் சிலவற்றை உள்ளூரில் செய்து போட்டு விற்கிறார்கள். நீங்கள் பாட்டுக்கு ட்ரிகரை மலிவாகக் கிடைத்த ராணுவ உபரியோடு மாற்றினால் கணக்கு இடிக்கலாம். வேடிக்கை என்னவென்றால் மேகசினின் உடம்பு, உள்ளே தோட்டாவைத் தள்ளும் ஃபாலோயர், அடித்தட்டு மூன்றும் கூட அந்தப் பட்டியலில் வருகின்றன. ஆகவே வெளிநாட்டுப் பாகம் எதையும் வாங்கும் முன் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித் (துப்பாக்கி மெக்கானிக்) ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் மூன்றுக்கு வருவோம்.

எக்ஸ்95 சாதாரண ஏஆர் மேகசினைத் தின்னும், பாதிக் கவலை அதிலேயே தீர்ந்தது. பன்னிரண்டு பதினைந்து டாலருக்குக் கிடைக்கிற மேகசினைப் பத்து வாங்கி அடுக்கிவிடலாம். பிஸ்டன், போல்ட்டைத் தாங்கும் கேரியரோடு சேர்ந்தே ஓடும், ஏகே மாதிரி முரட்டு வேலை. பின்பக்கத் தட்டைத் திறந்தால் கேரியர், ஸ்பிரிங் எல்லாம் ஒரே கொத்தாகக் கையில் வரும். ட்ரிகர் பேக் இரண்டு பின்னைத் தட்டினால் கழன்றுவிடும், அதற்கு வேறு கம்பெனிகளும் மாற்று செய்கின்றன. பேரலில் மட்டும் நீங்களே கை வைக்காதீர்கள்.

ஆக்கில் பேரலை ஸ்பேனர் இல்லாமல் நொடியில் கழற்றலாம், நாற்பது வருடத்துக்கு மேல் அடிபட்டுத் தேறிய சாமான், ஹாமர் பேக்கில் பெரும்பகுதி பிளாஸ்டிக் என்று கேட்டுப் பயப்பட வேண்டாம், அது நன்றாகவே தாங்குகிறது. ஆனால் 1989-ல் இறக்குமதித் தடை வந்தபோது அமெரிக்காவில் இருந்த ஆக் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு தெரியுமா? துப்பாக்கி விலை எகிறியது, பாகம் தேடி அலைந்தார்கள். அரசின் ஒரு உத்தரவில் சப்ளை நின்றுபோகும் என்பதற்காகச் சொல்கிறேன். இடதுகைக்காரருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. புல்பப்பில் சுட்ட கேஸ் முகத்துக்குப் பக்கத்திலேயே வெளியேறும், வலப்பக்கம் விழுந்தால் இடது தோளில் வைத்துச் சுடுகிறவர் முகத்தில் படும். ஏஆர் மேகசின் போடுகிற நேட்டோ ஸ்டாக் (துப்பாக்கியின் வெளி உடம்பு) வலதுகைக்கு மட்டும். இடப்பக்கம் கேஸ் விழ வேண்டும் என்றால் இடதுகை போல்ட்டோடு ஸ்டெயரின் சொந்த மேகசின் போடுகிற ஸ்டாக்கைத்தான் வாங்க வேண்டும், அந்த மேகசின் ஏஆருடையதை விட விலை கூட.

கெல்டெக் ஆர்டிபியில் கேஸ் கீழே விழும், இடதோ வலதோ பேதமே இல்லை, போல்ட் மாற்ற வேண்டாம், ஏஆர் மேகசினும் போடும். ஃபுளோரிடாவில் செய்கிறார்கள், இறக்குமதித் தலைவலி கிடையாது. உங்கள் கைக்கு மிகச் சுலபம் இதுதான். என் தயக்கம் ஒன்றுதான்: எந்தப் பெரிய ராணுவமும் இதை லட்சக்கணக்கில் சுட்டுப் பார்க்கவில்லை, பாகத்துக்கு ஒரே வாசல் அந்தக் கம்பெனி மட்டுமே.

யாராவது எஃப்எஸ்2000 என்ற பழைய பெல்ஜிய புல்பப்பை மலிவாகத் தருகிறேன் என்றால் ஆசைப்பட்டுவிடாதீர்கள். சுட்ட கேஸ் ஒரு குழாய் வழியாக முன்னால் போய் விழும், முதல் சில ரவுண்டுக்கு ஒன்றுமே வெளியே வராது, மூக்கைக் கீழே சாய்த்தால் உள்ளே நின்றவை கலகலவென்று உருளும். பார்க்க அழகு. தயாரிப்பு நின்றுவிட்டது.

நானாக இருந்தால் எக்ஸ்95 எடுப்பேன். எடுக்கும் அன்றைக்கே, பில் போடுவதற்குள், இடதுகை போல்ட் ஒன்று, அதற்கு எக்ஸ்ட்ராக்டரும் ஸ்பிரிங்கும் இரண்டு செட், ஃபயரிங் பின் ஒன்று, ரீகாயில் ஸ்பிரிங் ஒன்று ஆர்டர் போடுவேன். இடதுகை போல்ட் எப்போதும் கையிருப்பில் இருக்காது, 'அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்' என்று விட்டால் மாதக் கணக்கில் காத்திருக்க நேரிடலாம். பழைய துப்பாக்கிக்கான டேவோர் போல்ட்டை எக்ஸ்95-க்குப் பொருந்தும் என்று யாராவது விற்றால் நம்பாமல் மாடல் பெயரைச் சரிபாருங்கள். போல்ட் மாற்றிய பிறகு ஹெட்ஸ்பேஸை (போல்ட்டுக்கும் சேம்பரில் உட்கார்ந்த தோட்டாவுக்கும் இடையிலான இடைவெளியை) கன்ஸ்மித்திடம் ஒருமுறை அளந்துவிட்டுத்தான் சுட வேண்டும், இதில் சோம்பல் கூடாது, வெடிப்பது உங்கள் கன்னத்துக்கு நேர் கீழே. கழற்றிய வலதுகை போல்ட்டை விற்றுவிடாதீர்கள், என்றைக்காவது துப்பாக்கியை விற்க நேர்ந்தால் வாங்குகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

படிக்கிற மற்றவர்களுக்கு இரண்டு விஷயம். எச்1பி விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது, விதிவிலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலிடம் கேட்காமல் இறங்காதீர்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்காதீர்கள். மடிப்பில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்கு, ஸ்பேர் பாகத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவதும் அமெரிக்காவில் ஏற்றுமதி உரிமம் வேண்டிய சமாச்சாரம்.