ஆரைக்கீரை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

களையெடுப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் ஆரைக்கீரையை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். என் அப்பாயி களையெடுக்கப் போய் வரும்போது மடி நிறைய ஆரை கொண்டுவருவார், பருப்புப் போட்டுக் கடைவார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அது கீரையே இல்லை, பெரணி (ஃபெர்ன்) என்கிறாள். பெரணி என்றால் கொடைக்கானல், ஊட்டி என்றுதான் நினைத்திருந்தேன். அவள் சொல்வது சரியா? சர்க்கரை நோய்க்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நம்பலாமா? எங்கள் வயலில் இப்போது அது கண்ணிலேயே படுவதில்லை. அழிந்துவிட்டதா?

செ.

அன்புள்ள செ.,

மகள் சொல்வது சரி, ஆரை பெரணிதான். அது பூப்பதில்லை, விதை வைப்பதில்லை. புதிதாக வரும் இலையைப் பாருங்கள். நுனி உள்பக்கமாகச் சுருண்டிருந்து மெல்ல விரியும். மலைக்காட்டுப் பெரணிகளும் அப்படித்தான் விரிகின்றன. நம் வயல்களில் அதிகம் இருப்பது மார்சீலியா மினுட்டா என்ற இனம். மூலிகைப் புத்தகங்கள் பெரும்பாலும் மார்சீலியா குவாட்ரிஃபோலியா என்றே எழுதிவிடுகின்றன. ஆனால் கீரை இல்லை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தலைமுறை தலைமுறையாகக் கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிட்டிருக்கிறோம்.

புளியாரையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு மூன்று இலை, மஞ்சள் பூ, புளிப்புச் சுவை. அது பூக்கும் தாவரம், வேறு குடும்பம். ஆரைக்கு ஒரு காம்பில் நான்கு இலை.

தண்டு சேற்றுக்குள் கொடியாக ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும். தண்ணீர் நின்றால் காம்பு நீண்டு இலை மேலே மிதக்கும். தண்ணீர் வடிந்தால் காம்பு குட்டையாகி நிமிர்ந்து நிற்கும். பொழுது சாய்ந்தால் நான்கு இலைகளும் கூம்பிக்கொள்ளும். ஈரம் வற்றாத வாய்க்கால் ஓரத்தில் ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும்.

நான் வியப்பது அது கோடையைக் கடக்கும் விதத்தைத்தான். தண்ணீர் வற்றத் தொடங்கும்போது காம்பின் அடியில் மிளகை விடச் சிறிய, கெட்டியான உருண்டைகள் உண்டாகும். உள்ளே பெரிதும் சிறிதுமாக இரண்டு வகை வித்துகள் (ஸ்போர்கள்). இவை விதையல்ல, பெரணிகள் இனம் பெருக்கும் நுண்துகள்கள். சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்து, சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது செடி கருகிப் போயிருக்கும், இந்த உருண்டைகள் மண்ணில் இருக்கும். ஒரு போகம் இரண்டு போகம் அல்ல, பல பத்தாண்டுகள் உலர்ந்து கிடந்த பிறகும் இவை முளைத்திருக்கின்றன. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்ததும், ஓடு இளகிய உருண்டைக்குள்ளிருந்து வழுவழுப்பான ஒரு புழுப் போன்ற இழை நீண்டு வெளியே வரும். வித்துகளைச் சுமந்து வருவது அதுதான். ஏறக்குறைய ஒரு நாளுக்குள் கருவுறுதலே முடிந்துவிடும். தண்ணீர் எத்தனை நாள் நிற்குமென்று தெரியாத இடத்தில் வாழும் செடிக்கு அந்த வேகம் வேண்டியிருக்கிறது.

அதனால் உங்கள் வயலில் அது அழிந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. கையால் பிடுங்கினால் அறுந்த தண்டுத் துண்டே மறுபடி துளிர்க்கும். அதனால்தான் விவசாயிக்கு அது தொல்லை பிடித்த களை. அந்தக் கோபம் நியாயமானது, நெல்லுக்குப் போடும் உரத்தில் அதுவும் பங்கு கேட்கிறது. ஆனால் உங்கள் அப்பாயி காலத்தில் களையெடுப்பும் கீரை பறிப்பும் ஒரே வேலை. கூலியோடு சேர்த்து அன்றைய குழம்புக்கும் வழி பிறந்தது. இப்போது நட்ட சில நாளிலேயே பிரெட்டிலாகுளோர், பிறகு தேவைப்பட்டால் 2,4-டி என்று களைக்கொல்லிகளைத் தெளித்துவிடுகிறோம். ஆட்கள் கிடைக்காத நிலையில் அதைத் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு வருத்தமெல்லாம், எந்தக் களை தின்னக்கூடியது என்று தெரிந்திருந்த அந்தப் பெண்களின் அறிவைப் பற்றித்தான். அது வயலில் குனிந்த முதுகுகளோடு கைமாறி வந்தது. இனி யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு. உங்கள் ஊரில் களையெடுத்த பாட்டிகள் இருந்தால் மகளை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

மருந்து விஷயம். நீராரை என்ற பெயரில் நம் நாட்டு வைத்தியத்தில் தாகத்துக்கும் அதிகமாகச் சிறுநீர் போவதற்கும் கொடுத்து வந்திருக்கிறார்கள். நிழலில் உலர்த்திய இலையைக் காய்ச்சி, பாலும் பனங்கற்கண்டும் சேர்த்துக் குடிப்பது வழக்கம். வங்காளத்தில் நல்ல தூக்கத்துக்கு என்றே இதைச் சமைப்பார்கள். சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் வாட்ஸ்அப்பை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

எப்போதும் வேகவைத்தே சாப்பிடுங்கள். ஆஸ்திரேலியாவில் இதன் உறவுச் செடி ஒன்று உண்டு, நார்டூ என்பார்கள். பழங்குடியினர் அதன் உருண்டைகளைப் பக்குவம் பார்த்து உண்டார்கள். 1861-ல் அங்கே தவித்த பர்க், வில்ஸ் என்ற பயணிகள் அதைத் தின்றும் மெலிந்து இறந்தார்கள். அதிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்ததும் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். கூடவே இருந்த ஜான் கிங், பழங்குடியினரோடு தங்கிப் பிழைத்தார்.

களைக்கொல்லி அடித்த வயலிலோ சாக்கடை கலக்கும் வாய்க்காலிலோ பறிக்க வேண்டாம். வீட்டில் பழைய சிமெண்ட் தொட்டி இருந்தால் வண்டல் மண் போட்டு, வேரோடு ஒரு தண்டுத் துண்டை ஊன்றி, நாலு விரல் தண்ணீர் நிறுத்துங்கள். வெயில் படவேண்டும். கொசு வராமலிருக்க இரண்டு மீன் விடுங்கள். மகளுக்கு உருண்டை கிடைத்தால் ஓட்டைக் கல்லில் லேசாகத் தேய்த்து ஒரு தம்ளர் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். அந்த இழை வெளியே வருவதை அவளே பார்க்கலாம்.