பழைய நாலு கேமராவையும் கழற்ற வேண்டுமா?

காட்பாடி காந்தி நகரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்களுடையது தனி வீடு. 2019-இல் நாலு கேமராவும், பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியும் வைத்தோம். இப்போது பின்பக்கக் கேமரா கறுப்பாகவே இருக்கிறது. வாசல் கேமராவில் ராத்திரி ஆள் வருவது தெரிகிறது, முகம் தெரிவதில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டால், எல்லாம் பழசு, கழற்றிவிட்டு 5 மெகாபிக்சல் ஐபி கேமரா (நெட்வொர்க் கேபிளில் ஓடுவது) போடுங்கள் என்கிறார். அன்று கொடுத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன், மாதச் சந்தா கட்டும் வைஃபை கேமரா போதும் என்கிறான். விலை இறங்கும்வரை பொறுக்கலாமா, இப்போதே மாற்றிவிடலாமா?"

அம்மா, கழற்றவும் வேண்டாம், பொறுக்கவும் வேண்டாம். கெட்டுப்போனதை மட்டும் சரிசெய்யுங்கள். கையில் இன்னும் பணம் இருந்தால் அதைப் புதிய கேமராவில் போடாமல் வெளிச்சத்திலும் ஹார்டு டிஸ்கிலும் போடுங்கள்.

முதலில் விலை விஷயம். கேமரா விலை ஏறியதற்குக் காரணம் படம் பிரமாதமாகிவிட்டது என்பதல்ல. 2024 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் சிசிடிவி கேமராக்களுக்குப் புதிய பாதுகாப்பு விதிகளை அறிவித்தது. 2025 ஏப்ரல் 9 முதல் அவை கட்டாயம். கேமராவுக்குள் இருக்கும் சிப் எங்கிருந்து வந்தது, உள்ளே ஓடும் மென்பொருளை வெளியாள் மாற்றிவிட முடியுமா, எல்லாக் கேமராவுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கிறார்களா என்றெல்லாம் பரிசோதித்துச் சான்று வாங்கினால்தான் விற்கலாம். ஒவ்வொரு மாடலுக்கும் சோதனைச் செலவு உண்டு, காத்திருப்பும் உண்டு. சீனாவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய மலிவு ரகங்களுக்கு இதில் இடமில்லை. மலிவுச் சரக்கு ஒதுங்கினால் மிச்சமிருப்பவர்கள் விலையை ஏற்றுவார்கள், அதுதான் நடந்தது.

இந்த விதியைக் குறை சொல்ல மாட்டேன். 2016-இல் மிராய் என்ற வைரஸ், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவின் பெரிய இணையதளங்களையே முடக்கியது. வீட்டுக்குக் காவல் வைத்த சாமான் அடுத்தவனுக்கு வேலை செய்தது. விதி நல்லதுதான். ஆனால் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்தப் பாதுகாப்புக்குப் போகிறது, படத் தெளிவுக்குப் போகவில்லை.

அடுத்தது மெமரி சிப். 2025 கடைசியில் மெமரி விலை தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் சிப்பை அள்ளிக்கொண்டு போவதால், தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கமே திரும்பிவிட்டார்கள். மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் சில்லறைக்கு விற்றுவந்த மெமரி வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கேமராவுக்குள் மெமரி உண்டு, டிவிஆருக்குள் உண்டு, வைஃபை கேமராவில் போடும் எஸ்டி கார்டு முழுக்க மெமரிதான். "ஜிஎஸ்டி குறைந்ததே, கேமரா ஏன் குறையவில்லை?" என்று பலர் கேட்கிறார்கள். 2025 செப்டம்பரில் பெரிய டிவிக்கு 28 சதவீதத்திலிருந்து 18-க்கு வந்தது. கேமராவுக்கு முன்பே 18 சதவீதம்தான், அதனால் அங்கே குறைய ஒன்றுமில்லை.

மெமரி விலை ஏறும், இறங்கும், அது அந்தச் சந்தையின் குணம். சோதனைச் செலவு மட்டும் இனி நிரந்தரம். 2019 விலை திரும்பி வரும் என்று பின்பக்கத்தை இருட்டிலேயே விட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

சரி, 5 மெகாபிக்சல் போட்டால் முகம் தெரியுமா? கடைக்காரர் சொல்லாத கணக்கு இங்கேதான் இருக்கிறது. முன்பின் தெரியாத ஆளை முகத்தை வைத்து அடையாளம் காட்ட வேண்டுமென்றால், அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 250 பிக்சல் (படத்தின் புள்ளிகள்) விழ வேண்டும் என்பது ஐரோப்பியத் தர அளவு. உங்களுடையது 2 மெகாபிக்சல் என்று வைத்துக்கொள்வோம், குறுக்கே 1920 பிக்சல். வீட்டுக் கேமராக்களில் சாதாரணமாக வரும் 3.6 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய 80 டிகிரி அகலம் பார்க்கும். கேமராவிலிருந்து 10 மீட்டர் தள்ளி கேட் இருந்தால், அங்கே அது பார்க்கும் அகலம் 17 மீட்டர். 1920-ஐ 17-ஆல் வகுத்தால் 113 பிக்சல்தான். முகம் தெரியாது.

5 மெகாபிக்சல் கேமராவில் குறுக்கே 2592 பிக்சல். அதே லென்ஸ், அதே கேட் என்றால் 152. அப்போதும் தெரியாது! ஆனால் உங்கள் பழைய 2 மெகாபிக்சலையே 6 மில்லிமீட்டர் லென்ஸில் வாங்கியிருந்தால், அது சுமார் 50 டிகிரிதான் பார்க்கும், அதே 10 மீட்டரில் 206 பிக்சல் கிடைக்கும். 8 மீட்டருக்குக் கொண்டுவந்தால் 250-ஐத் தாண்டிவிடும். மெகாபிக்சலுக்குக் கொடுக்கும் காசை விட, எந்த லென்ஸை எவ்வளவு தூரத்தில் வைக்கிறோம் என்பதற்குக் கொடுக்கும் யோசனைதான் பலன் தரும். கடையில் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறார்கள், எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் என்று யாரும் கேட்பதில்லை.

ராத்திரியில் நிலைமை இன்னும் மோசம். வெளிச்சத்தை வாங்கும் சென்சாரின் அளவு வீட்டுக் கேமராக்களில் பல வருடமாகப் பெரிதாக மாறவில்லை. அதே சிறு சில்லில் 2-க்குப் பதில் 5 மெகாபிக்சலை நெருக்கினால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போகும். பத்துப் பேருக்கு வடித்த சோற்றை இருபத்தைந்து இலையில் பரிமாறுகிற கதை. வெளிச்சம் போதாதபோது கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். நிற்கிற ஆள் தெளிவாக வருவார், நடக்கிற ஆள் புகைமாதிரி இழுபடுவார். திருடன் நின்று போஸ் கொடுப்பதில்லை.

சில வருடமாக உண்மையிலேயே முன்னேறியது ஒன்று உண்டு. மனிதன், வண்டி, நாய் எது என்று கேமராவே பிரித்துப் பார்த்து, மனிதன் வந்தால் மட்டும் போனுக்குச் சொல்லும். முருங்கை மரம் ஆடியதற்கெல்லாம் போன் அலறாது. அந்த ஒன்றுக்காகப் புதுக் கேமரா வாங்கினால் நியாயம் இருக்கிறது. முகம் தெரியும் என்பதற்காக வாங்கினால் ஏமாற்றம்தான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். கறுப்பாக இருக்கும் பின்பக்கக் கேமரா செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நன்றாக ஓடும் ஒரு கேமராவைக் கழற்றி, பின்பக்க ஒயரில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் படம் வராவிட்டால் கேமரா நன்றாகவே இருக்கலாம். ஒயர் முனையில் இருக்கும் பிஎன்சி கனெக்டர் துருப்பிடித்திருக்கும், கரன்ட் போகும் டிசி பின் தளர்ந்திருக்கும், இல்லை 12 வோல்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் அந்த ஒரு லைன் போயிருக்கும். இவையெல்லாம் சில நூறு ரூபாய் வேலை. படம் வந்தால் கேமராதான் போய்விட்டது, அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். அப்படி மாற்றும்போது உங்கள் டிவிஆர் எத்தனை மெகாபிக்சல்வரை ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள். 1080பி (2 மெகாபிக்சல்) டிவிஆரில் 5 மெகாபிக்சல் கேமராவை மாட்டினால் பெரும்பாலும் படமே வராது. "பார்த்தீர்களா, டிவிஆரையும் மாற்ற வேண்டும்" என்று பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். சான்று பெற்ற கேமராவா என்பதற்கு, பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் முத்திரைக்குக் கீழே ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் அடித்துப் பாருங்கள்.

வாசல் கேமராவின் மங்கலுக்கு முதல் சந்தேகம் எட்டுக்கால் பூச்சி மேல். கேமராவைச் சுற்றி இருக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு நம் கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத் தெரிந்தால் அதிகம், ராத்திரியில் கேமராவுக்கு அதுதான் வெளிச்சம். அங்கே பூச்சி வந்தால் சிலந்தி வரும், கண்ணாடிக்கு எதிரே வலை கட்டும், ஐஆர் வெளிச்சம் வலையில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெண்மூட்டமாகிவிடும். அப்புறம் நம் ஊர்த் தூசி. மெல்லிய ஈரத் துணியால் துடைத்துவிட்டு அன்று ராத்திரி பாருங்கள். அப்படியும் இருட்டாகவே இருந்தால் ஐஆர் விளக்குகள் தேய்ந்துவிட்டன. அதற்கும் கேமராவை மாற்றுவதற்கு முன்னால், வாசலில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை ராத்திரி முழுக்க எரியவிடுங்கள். இரண்டு மாத பில்லுக்கு ஆறேழு யூனிட்தான் கூடும். "ராத்திரியிலும் கலர்" என்று விற்கும் கேமராக்களில் பல செய்வது இதைத்தான், வெள்ளை விளக்கைக் கேமராவிலேயே பொருத்தியிருக்கிறார்கள். உங்கள் பல்பு அதை விடப் பெரியது, கேமராவை விட்டுத் தள்ளியும் இருக்கும், பூச்சி அங்கே போய்விடும்.

உயரத்தையும் பாருங்கள். கைக்கு எட்டக்கூடாது என்று மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். அங்கிருந்து தெரிவது தொப்பியும் வழுக்கையும்தான். எட்டு ஒன்பது அடி போதும், கேட் பக்கமாக நெருக்கி, சன்ஷேடுக்குக் கீழே. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேமராக்களுக்கு 50, 60 டிகிரி என்று தாங்குதிறன் போட்டிருப்பார்கள், அது சுற்றியுள்ள காற்றின் சூடு. மேற்குச் சுவரில் மே மாத மத்தியான வெயில் நேராக விழும் உலோகக் கூட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். டிவிஆரைப் பரண் மேல் ஒளித்து வைத்திருந்தால் கீழே இறக்குங்கள். கான்கிரீட் கூரைக்கு ஒரு அடி கீழே இருக்கும் பரண்தான் வீட்டிலேயே சூடான இடம், ஹார்டு டிஸ்க் அங்கேதான் சாகும்.

ஹார்டு டிஸ்க் பற்றி இன்னும் கொஞ்சம். ராத்திரி பகலாக 2019-இலிருந்து ஓடும் டிஸ்கை நான் நம்ப மாட்டேன். நேரலை படம் நன்றாக வருவதை வைத்துப் பதிவும் ஆகிறது என்று நினைத்துக்கொள்கிறோம், திருட்டு போன மறுநாள்தான் பதிவே இல்லை என்று தெரிகிறது. இன்றைக்கு உட்கார்ந்து பத்து நாளைக்கு முந்தைய பதிவை ஓட்டிப் பாருங்கள். நாலு கேமராவும் ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்கு 86 ஜிபி, 1 டெராபைட் டிஸ்கில் 11 நாள் நிற்கும். டிவிஆர் மெனுவில், படத்தை அதிகமாகச் சுருக்கிப் பதியும் எச்.265 என்ற முறை இருந்தும் பழைய எச்.264-லேயே விட்டிருக்கலாம். அதற்கு மாற்றி, பதிவு வேகத்தையும் பாதியாகக் குறைத்தால் ஏறக்குறைய அதே தெளிவில் இரண்டு மடங்கு நாள் நிற்கும், செலவில்லை. புது டிஸ்க் வாங்கினால் சிசிடிவிக்கென்றே வருவதை வாங்குங்கள், கம்ப்யூட்டர் டிஸ்க் இந்த ஓட்டத்துக்குத் தாங்காது. எஸ்எம்பிஎஸ், டிவிஆர், இணைய ரவுட்டர் மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றனவா என்றும் எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு பழைய சீலிங் ஃபேன் இழுக்கும் மின்சாரத்தைத் தாண்டாது.

உங்கள் மகன் சொல்வதிலும் பாதி சரி. பெங்களூரிலிருந்து அம்மாவைப் பார்க்க, பேச, ஹாலில் ஒரு வைஃபை கேமரா நல்லதுதான். எஸ்டி கார்டிலேயே பதியும் ரகமாக, கண்காணிப்புக்கென்று வரும் கார்டோடு வாங்கட்டும். ஆனால் வாசலையும் பின்பக்கத்தையும் சந்தாவை நம்பி விட வேண்டாம். கேமராவை ஒருமுறை வாங்குகிறோம், சந்தாவை அவர்கள் நினைத்தபோதெல்லாம் ஏற்றலாம். அமெரிக்காவில் வீட்டுக் கேமராக்களுக்கான கூகுளின் நெஸ்ட் அவேர் மாதச் சந்தா 6 டாலராக இருந்தது, 2023-இல் 8 ஆகி, 2025-இல் 10 ஆகிவிட்டது. அதே கேமரா, அதே படம். இன்னொன்று, 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற கேமரா நிறுவனத்தில் கோளாறு ஏற்பட்டு, சுமார் 13,000 வாடிக்கையாளர்களுக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராப் படங்கள் போய்ச் சேர்ந்தன. படுக்கையறைப் பக்கம் எந்த வைஃபை கேமராவும் வேண்டாம்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனி கேட்டால் நானே ஐபி கேமரா போடச் சொல்வேன். இருபது முப்பது கேமரா, பல கட்டடம், பார்ப்பதற்குத் தனி ஆள் என்றால் அதற்கு அது வேண்டும். நாலு கேமரா வீட்டில் ஏற்கெனவே சுவருக்குள் ஓடும் கேபிளைக் கழற்றி, புதிதாக இழுத்து, சுவரை உடைத்துப் பூசும் செலவுக்கு என்ன லாபம் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

கடைசியாக, டிவிஆரில் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா? திருட்டு நடந்து வழக்கு என்று வந்தால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, பதிவோடு ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். பதிவில் தேதி தப்பாக இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார். கரன்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்கு ஓடிவிடுகிறது என்றால், உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. டிஸ்க் மாற்ற டிவிஆரைத் திறக்கும்போதே அதையும் மாற்றச் சொல்லிவிடுங்கள்.