பழைய ஃபோர்டு பிக்கப்பின் கார்புரேட்டர்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் 360 கன அங்குல வி8 எஞ்சின் கொண்ட 1969 ஃபோர்டு எஃப்-100 உள்ளது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரில் அடையாளத் தகடு இல்லை. ஆண்டைச் சொல்லி ரிப்பேர் கிட் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இத்தனை ஆண்டுகளில் அந்த எஞ்சின்மேல் எத்தனை கார்புரேட்டர்கள் ஏறி இறங்கினவோ, அதை வண்டியின் ஆண்டு சொல்லாது. இரட்டைத் துளை ஆட்டோலைட் 2100 வகைக் கார்புரேட்டர் என்றால், பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவை அறையின் ஓட்டுநர் பக்கச் சுவரை நன்கு துடைத்துப் பாருங்கள்; ஒரு வட்டத்துக்குள் 1.08, 1.14, 1.21 போன்ற எண் வார்ப்பிலேயே புடைத்திருக்கும். அது வெஞ்சுரியின், அதாவது காற்று செல்லும் குறுகலான துளையின், விட்டம், அங்குலத்தில். தகடு இருந்தால் சி8டிஎஃப் போன்ற குறியீட்டில் தொடங்கும்: சி என்பது அறுபதுகள், 8 என்பது 1968, டி என்பது டிரக். ஆனால் தகடு ஒரே ஒரு திருகில் மாட்டப்படுவதால் எளிதில் இடம் மாறும்; வார்ப்பு எண் மாறாது. இரண்டும் முரண்பட்டால் நான் வார்ப்பையே நம்புவேன்.

கேள்வி: பிரிக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில்: நடுவிலுள்ள பூஸ்டர் தொகுதியின் திருகைக் கழற்றியபின், கார்புரேட்டர் உடலைக் கையால் மூடிக்கொண்டு கவிழ்த்துங்கள். சிறிய எஃகுக் குண்டும் அதன்மேல் அமர்ந்திருக்கும் எடைக் கம்பியும் உள்ளங்கையில் விழும். முடுக்கு பம்ப் தள்ளிய பெட்ரோல் திரும்பிச் செல்லாமல் தடுப்பது அந்தக் குண்டுதான். அது தொலைந்தால், மற்ற அனைத்தும் புதிதாக இருந்தாலும் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் எஞ்சின் திணறும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, கலவையைச் சரிசெய்யும் ஐடில் திருகுகளைக் கழற்றுமுன் மெதுவாக முட்டும்வரை உள்ளே திருப்பி, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். ரப்பர், டயாப்ரம் (நெகிழும் சவ்வு), மிதவை ஆகியவற்றை நீக்கிய பிறகே உடலைக் கரைப்பானில் ஊற வைக்க வேண்டும். பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைகளான ஜெட்டுகளைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை சற்றே அகன்றாலும் கலவையின் அளவு மாறிவிடும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து அழுத்தக் காற்றால் ஊதினால் போதும்.

கேள்வி: கிட் போட்டு மாட்டியாயிற்று. ஐடிலில் கரும்புகை வருகிறது, ஐடில் திருகுகளை முழுவதும் மூடினாலும் எஞ்சின் அணையவில்லை.

பதில்: முதலில், எஞ்சினுக்கு அதிக சக்தி வேண்டும்போது கூடுதல் பெட்ரோல் விடும் பவர் வால்வைச் சந்தேகியுங்கள். உடலின் அடிப்பகுதியில் நான்கு திருகுகள் கொண்ட மூடிக்குள் அது இருக்கிறது. ஐடிலில் எஞ்சினின் வேக்குவம் (உறிஞ்சும் வெற்றிடம்) அதை மூடியே வைத்திருக்க வேண்டும். டயாப்ரம் கிழிந்தாலோ கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டாலோ அதே வேக்குவம் பெட்ரோலை நேரே எஞ்சினுக்குள் உறிஞ்சிவிடும். மூடியைத் திறந்ததும் உள்ளே பெட்ரோல் ஈரம் கண்டால் ஐயமே வேண்டாம். வால்வு சரியாக இருந்தால் மிதவை மட்டத்தையும், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடுகள் ஐடிலில் அளவுக்கு மீறித் திறந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: என்னுடையது செவ்ரலே சி10 பிக்கப், அதில் நான்கு துளை குவாட்ராஜெட் கார்புரேட்டர். இரவு நிறுத்தினால் காலையில் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டியிருக்கிறது.

பதில்: குவாட்ராஜெட்டில் இது அறிந்த குறைதான். உடலின் அடியில் எரிபொருள் கிணறுகளை அடைக்கும் சிறு உலோகக் குமிழ்கள் காலப்போக்கில் கசியத் தொடங்கும். இரவில் மிதவை அறை வடிந்துவிடும். த்ராட்டில் அடித்தளத்தைக் கழற்றி அந்த இடத்தைச் சுத்தம் செய்து, பெட்ரோலைத் தாங்கும் எபாக்சியால் அடையுங்கள். திரும்ப மாட்டும்போது முன்பக்க இரு நீண்ட போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்காதீர்கள். மேல்மூடி வளைந்துவிடும், பிறகு எந்த கேஸ்கெட்டும் நிற்காது.